முடிவறிந்த கதை: நம்மவர் கதைமரபும் இன்றைய புனைகதையாசிரியனும்

சிறுகதை எழுதப் புகும் மாணவர் இந்நாளிற் பலராவர். கல்லூரிச் சஞ்சிகைகளுக்கு வரும் ஆக்கங்களைப் பார்வையிடுவோர்க்கு அவற்றுட் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை போலத் தோன்றும். அமைதியான தொடக்கம், ஒரு சிக்கல், சிக்கலின் வளர்ச்சி, உச்சநிலை, இறுதி வரியிலே ஒரு திடுக்கீடு என்னும் அமைப்பே கதையின் இலக்கணம் என எழுதுவோர் கருதுகின்றனர். இவ்விலக்கணம் எங்கிருந்து வந்தது? கதைக்குரிய இலக்கணம் இஃது ஒன்றுதானா? நம் முன்னோர் கதை கூறிய முறைகளிலிருந்து இன்றைய புனைகதையாசிரியன் கற்கத்தக்கது யாதேனும் உண்டா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதல் வினாவுக்கு விடை எளிது. தொடக்கம், நடு, முடிவு என்னும் மூன்று பகுதிகளை உடையதாய் நாடகக் கதை அமைதல் வேண்டுமெனக் கிரேக்க அறிஞர் அரித்தோட்டில் கூறினார். செருமானியரான குஸ்தாவ் பிரைற்றாக் 1863ஆம் ஆண்டில் வெளியிட்ட நாடக நுட்பம் பற்றிய நூலில் ஏற்றமும் உச்சமும் இறக்கமுங் கொண்ட ஐந்துபகுதி அமைப்பை வகுத்தார். அவர் ஆராய்ந்தவை நாடகங்களே. எனினும் பிற்காலத்தார் அவ்வமைப்பைச் சிறுகதைக்கும் நாவலுக்கும் பொதுவாக்கினர். கதையின் ஒவ்வொரு சொல்லும் இறுதியிற் பிறக்க வேண்டிய ஒரே உணர்ச்சியை நோக்கிச் செல்லல் வேண்டும் என்னுங் கருத்தை அமெரிக்கரான எட்கார் அலன் போ 1842இல் வெளியிட்டார். இக்கருத்துகள் ஆங்கிலக் கல்வி வழியாக நம்மை வந்தடைந்தன. அவற்றால் நமக்கு விளைந்த நன்மை சிறிதன்று. தமிழகத்திற் புதுமைப்பித்தனும் கு. ப. ராஜகோபாலனும், ஈழத்தில் இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் ஆகிய மூவரும் அக்கல்வியின் பயனைத் தமிழுக்கு ஆக்கித் தந்தவர்கள். ஆகவே மேனாட்டு முறையைப் பழித்தல் ஈண்டு எம் கருத்தன்று. அதனை ஒன்றே முறையெனக் கொள்ளுதலால் நாம் எதனை இழக்கின்றோம் என்பதே வினா.

இவ்வினாவை யான் நூல்களிலிருந்து பெற்றேனல்லேன். சில ஆண்டுகளின் முன், 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்திலே கொட்டாஞ்சேனையில் வீடிழந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சிறுகதையொன்று எழுதினேன். அது சாதாரணமான ஒரு காலைப்பொழுதில் தொடங்கும். தாய் தேநீர் ஊற்றுவாள். பிள்ளைகள் தம்முட் சச்சரவிடுவர். தந்தை வேலைக்குப் புறப்படுவார். நெருப்பு என்னுஞ் சொல் கடைசி வரியிலன்றி வேறெங்கும் வராது. சிறுகதை இலக்கணத்துக்கு இஃது அமைந்ததென எண்ணி மகிழ்ந்து, வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீடொன்றில் வசித்துவந்த என் பெரியம்மாவுக்கு அதனைப் படித்துக் காட்டினேன். எரிந்த வீடு அவருடையதே. இறுதிவரை பொறுமையோடு கேட்டிருந்த அவர், “நடந்தது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, தம்பி. பிறகேன் கடைசி மட்டும் ஒளிச்சு வைக்கிறாய்? முதலே சொல்லிப்போட்டு மிச்சத்தைச் சொல்லன்” என்றார்.

பின்னர் அவரே அக்கதையைக் கூறினார். வீடு எரிந்துபோயிற்று என்பதுதான் அவருடைய முதல் வாக்கியம். அதன்பின் ஒவ்வோர் அறையாகச் சென்று, அங்கிருந்த பொருள்களையும் அவற்றை யார் யார் எப்போது தந்தனர் என்பதையும் கூறினார். அன்றிரவு தம்மை ஒளித்து வைத்திருந்த சிங்கள அயலவரைப் பற்றியும், அகதி முகாமிலே கழிந்த நாள்களைப் பற்றியும், கப்பலிற் காங்கேசன்துறை சென்று இறங்கியதைப் பற்றியும் கூறினார். மீண்டும் கொழும்புக்கு வந்தபோது அந்த அயலவர் சாம்பலிலிருந்து எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்த குத்துவிளக்கைத் திருப்பிக் கொடுத்ததை நெடுநேரம் விரித்தார். எல்லாவற்றுக்கும் பின்னரே, இஃது ஏன் நேர்ந்தது என்ற பேச்சு எழுந்தது. 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் வீட்டை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விடுவோமெனத் தம் தந்தையார் சொன்னதும், தாயார் மறுத்ததும் அப்போதுதான் வெளிவந்தன.

அவர் கூறிய முறையிலே மூன்று இயல்புகளைக் கண்டேன். முடிவு முன்னே சொல்லப்பட்டது. காரணம் பின்னே வைக்கப்பட்டது. இழப்பின் பின்னர் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்கே கதையிற் பெரும்பங்கு கிடைத்தது. யான் கற்ற இலக்கணத்தின்படி இம்மூன்றும் குற்றங்களாம். ஆயினும் என் கதையைக் கேட்டபோது வாளாவிருந்த வீட்டார், அவர் கதையைக் கேட்டபோது கண்கலங்கினர். இம்முறையை அவர் எங்கே கற்றார் என ஆராய்ந்தபோதே நம் மரபின் பக்கம் என் கவனந் திரும்பிற்று.

பெரியம்மா இளமையில் யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிற் புராண படனங் கேட்டு வளர்ந்தவர். ஈழத்துச் சைவக் கோயில்களிற் கந்தபுராணம், பெரியபுராணம், திருவாதவூரடிகள் புராணம் முதலியவற்றை உரிய காலங்களிற் படித்துப் பயன் சொல்லும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார்; மற்றொருவர் அதன் பொருளை உரைநடையில் விரித்துக் கூறுவார். பின்னவரைப் பயன் சொல்பவர் என்பர். யாழ்ப்பாணத்து வாழ்வு முறையையே கந்தபுராணக் கலாசாரம் எனப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் பெயரிட்டழைத்தார்களென்றால், இவ்வழக்கம் மக்கள் மனத்தில் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பது விளங்கும்.

கேட்போர் எவரும் கதையின் முடிவை அறிய அங்கே செல்வதில்லை. சூரபன்மனுக்கு நேரப்போவதைச் சிறுபிள்ளையும் அறியும். ஆண்டுதோறும் கந்தசட்டியிற் சூரன்போரைக் கண்டவர்களே அங்கு இருப்பர். அடுத்து என்ன நடக்கும் என்னும் ஆவலுக்கு இடமில்லாத அவ்விடத்தில் வேறொரு கவனம் பிறக்கின்றது. சூரன் எந்த இடத்திலே தவறினான், யாருடைய அறிவுரையைக் கேட்டிருக்கலாம், தவஞ் செய்து பெற்ற வரமே அவனுக்கு எவ்வாறு கேடாயிற்று என்றெல்லாம் கேட்போர் சிந்திக்கின்றனர். முடிவு தெரிந்திருத்தலால் ஒவ்வொரு படியும் கூடுதலான கனம் பெறுகின்றது. பயன் சொல்பவர் இடையிலே நின்று ஊர்நிலைமையைத் தொட்டுக்காட்டுவார். முதியோர் ஒருவர் ஐயம் வினவுவார். கதை அங்கே சற்றுத் தங்கி மீண்டும் நடக்கும். இரண்டு குரல்களில் ஒன்று கதையைச் சொல்ல, மற்றது அதனை இன்றைய வாழ்வோடு பொருத்துகின்றது. இக்கால நாவலாசிரியன் ஒருவன் இவ்விரு குரலமைப்பைத் தன் நூலிலே பயன்படுத்துவானாயின், அதனைப் புதுமையென்றே திறனாய்வாளர் போற்றுவர்.

இனிக் கந்தபுராணத்தின் அமைப்பைக் காண்போம். கச்சியப்ப சிவாசாரியார் அதனை உற்பத்தி, அசுரர், மகேந்திரம், யுத்தம், தேவர், தட்சன் என ஆறு காண்டங்களாக வகுத்தார். போர் நான்காங் காண்டத்திலேயே முடிந்துவிடுகின்றது. அங்கும் சூரன் அழிக்கப்படுவதில்லை. மயிலும் சேவலுமாகி முருகனுக்கு ஊர்தியும் கொடியுமாகின்றான். பகைவனை ஒழித்து முடியுங் கதைகளுக்கும் பகைவனுக்கு ஓரிடம் வகுத்து முடியும் இக்கதைக்கும் உள்ள வேறுபாடு ஊன்றி நோக்கத்தக்கது. அதன் பின்னும் இரு காண்டங்கள் எஞ்சியுள்ளன. தேவர்கள் சூரனாற் பட்ட துன்பத்துக்குக் காரணம் அவர்கள் தக்கன் வேள்வியிற் பங்கு கொண்டமையே என்பது இறுதிக் காண்டத்திலே விரித்துரைக்கப்படுகின்றது. விளைவை முற்றாகக் கண்டபின்னரே காரணத்தைக் காண்கின்றோம். அப்போது, துன்புற்ற தேவரும் குற்றத்திற் பங்குடையோரே என்னும் உண்மை நம்மைத் தாக்குகின்றது. இது முதற் காண்டத்திலே கூறப்பட்டிருப்பின், பின்வரும் துன்பங்களை யாம் தண்டனையென்றே கொண்டு இரக்கமின்றிப் பார்த்திருப்போம். காரணம் பின்வருதலால் இரக்கம் முந்துகின்றது. தீர்ப்பு அதற்குப் பின்னரே வருகின்றது. அக்காண்டமும் குற்றத்தோடு நின்றுவிடாமல் வள்ளியம்மை திருமணத்தோடு நிறைவெய்துகின்றது.

சிலப்பதிகாரத்தின் அமைப்பும் இவ்வாறே. கணவனை இழந்து வேங்கை மரநிழலில் நின்ற பெண்ணொருத்தி விண்ணுலகு சென்றதைக் குன்றக்குறவர் கண்டு கூறுவதாகப் பதிகம் தொடங்குகின்றது. கதையின் முடிவே நூலின் வாயிலாகின்றது. நூலின் முப்பது பகுதிகளுட் புகார்க் காண்டம் பத்தும், மதுரைக் காண்டம் பதின்மூன்றும், வஞ்சிக் காண்டம் ஏழும் கொண்டுள்ளன. கோவலன் கொலையுண்பது பதினாறாவது காதையில். கண்ணகி வழக்குரைப்பது இருபதாவதில். மதுரை எரிந்தபின், இருபத்துமூன்றாவதாகிய கட்டுரை காதையிலேதான் மதுரைத் தெய்வம் தோன்றிக் கோவலனின் முற்பிறப்புச் செய்தியைக் கூறுகின்றது. ஈண்டும் காரணம் விளைவின் பின்னரே வருகின்றது. காரணங் கேட்டபின்னும் கண்ணகியின் துயர் தணியவில்லை என்பதை இளங்கோவடிகள் மறைக்கவில்லை. விளக்கம் ஆறுதலாகிவிடாது என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

பிரைற்றாக்கின் அளவுகோலைக் கொண்டு அளப்போர்க்கு வஞ்சிக் காண்டம் வேண்டாத பின்னிணைப்பாகத் தோன்றலாம். அவ்வாறு கருதியோரும் உளர். ஆயின் நூலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை ஆசிரியர் காரணமின்றி அதற்கு ஒதுக்கியிருப்பாரா? பெண்ணொருத்திக்கு நேர்ந்த அநீதியை உலகம் என் செய்தல் வேண்டும் என்பதே அக்காண்டத்தின் பொருள். கல் தேடப்படுகின்றது, நீர்ப்படுத்தப்படுகின்றது, நடப்படுகின்றது, வாழ்த்தப்படுகின்றது. செவிலியும் தோழியும் வந்து அரற்றுகின்றனர். பிற நாட்டரசர் வருகின்றனர். அவருள் இலங்கைக் கயவாகு மன்னனும் ஒருவன். இழப்பு, நினைவாகவும் வழிபாடாகவும் மாறுவதற்கு ஏழு காதைகள் வேண்டியிருந்தன. அவ்வழிபாடு இன்றும் நம் தீவிலே தமிழரிடையே கண்ணகியம்மனாகவும் சிங்களவரிடையே பத்தினித் தெய்வமாகவும் வாழ்கின்றது. மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை என்னும் காவியம் படிக்கப்படும். விழா குளிர்த்தி என்னுஞ் சடங்கோடு நிறைவுபெறும். சினந்த தெய்வத்தைக் குளிர்வித்தலே அங்குக் கதையின் நிறைவு. உச்சநிலை, அவிழ்ப்பு என்னும் சொற்களால் இதனை விளக்கவியலாது. வெம்மை, குளிர்ச்சி என்னும் இருசொற்கள் கதையமைப்பின் பெயர்களாகவும் அமையலாம் என்பதை நம் கிராமத்து மக்கள் அறிந்திருந்தனர்.

நம் அயலாரின் மரபும் நாம் கற்கவேண்டிய ஒன்றாகும். கொழும்பிலே தமிழரும் சிங்களவரும் ஒரே தெருவில் வாழ்ந்தும், ஒருவர் கதையை மற்றவர் அறியாதிருத்தல் வருந்தத்தக்கது. பாளி மொழியிலுள்ள ஜாதகக் கதைகள் 547 ஆகும். அவை ஒவ்வொன்றும் ஓர் ஒழுங்கான அமைப்புடையன. முதலிலே புத்தர் காலத்து நிகழ்ச்சியொன்று கூறப்படும்; அது காரணமாக முற்பிறப்புக் கதையொன்று எழும்; இறுதியில், அக்கதையில் வந்த இன்னார் இன்று இங்கேயுள்ள இன்னாரே என இரண்டும் பொருத்தப்படும். பழங்கதையை வெறும் பழங்கதையாக இருக்கவிடாத அமைப்பு இது. கேட்டுக்கொண்டிருப்பவன் திடீரெனத் தானே கதைக்குள் நிற்பதைக் காண்கின்றான். மார்ட்டின் விக்கிரமசிங்க அவர்கள் ஜாதகக் கதைகளை ருசிய நாவல்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, நவீன புனைகதைக்கு அவை அயலானவையல்ல என விளக்கினார்.

ஆராய்ச்சியோடு அமையாது ஆக்கமாகவும் இது நிகழ்ந்தது. எதிரிவீர சரச்சந்திர அவர்களின் ‘மனமே’ என்னும் நாடகம் 1956ஆம் ஆண்டு நவம்பர் 3ஆந் திகதி கொழும்பு லயனல் வென்ற் அரங்கில் மேடையேறியது. கதை ஜாதகத்திலிருந்து கொள்ளப்பட்டது. வடிவம் நாடகம எனப்படும் சிங்கள ஆடல்பாடற் கூத்திலிருந்து கொள்ளப்பட்டது. அந்நாடகமவோ கரையோரக் கத்தோலிக்கரிடையே வழங்கிய தமிழ்க் கூத்திலிருந்து பிறந்தது. சரச்சந்திர பழைய வடிவத்தை அப்படியே எடுத்து வைக்கவில்லை. நாட்டுக்கூத்துகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். யப்பான் சென்று நோ, கபுக்கி ஆகிய அரங்குகளைக் கண்டார். அம்பலாங்கொடையைச் சேர்ந்த சாள்ஸ் சில்வா குணசிங்க என்னும் கலைஞரோடு அமர்ந்து மரபிசையைக் கற்றார். அதன்பின், ஜாதகம் குற்றவாளியெனத் தீர்த்துவிட்ட பெண்ணின் மனத்தை ஐயத்துக்கு இடமாக்கி அவையோர்முன் வைத்தார். கதையறிந்த அவையாதலின் அவ்வையம் உடனே உணரப்பட்டது. கதை தெரியாதவனுக்கு மாற்றம் புலப்படாது.

தமிழ்க் கூத்திலிருந்து சிங்களத்துக்குச் சென்ற வடிவம் அங்கே புத்துயிர் பெற்றமை தமிழரையும் விழிப்பித்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ ஆகியவற்றைத் தயாரித்தார். மட்டக்களப்புக் கூத்தின் அமைப்பை அறிந்தோர், அஃது எத்தகைய கதைமுறை என்பதை உணர்வர். பாத்திரம் அரங்கினுள் ஆடிவந்து, தான் யார் என்பதைத் தானே பாடும். இதனை வரவு என்பர். அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதனைத் திருப்பிப் பாடுவர். பாத்திரத்தின் இயல்பைச் சிறிது சிறிதாக வெளிப்படுத்தல் வேண்டுமென நாவலிலக்கணங் கூறும். கூத்தோ அதனை முதற் பாட்டிலே வெளிப்படுத்திவிட்டு, அவ்வியல்பு துன்பத்தில் எவ்வாறு நின்றது என்பதை விடியுமட்டும் காட்டும். ‘இராவணேசன்’ கூத்தின் ஆடலையும் பாடலையும் போற்றிக்கொண்டே, இராவணனை மேனாட்டு நாடகம் போற்றும் அவலத் தலைவனாகக் காட்டிற்று. இரு மரபுகளும் ஒன்றையொன்று அழிக்காமற் கூடலாம் என்பதற்கு அது தக்க சான்று. எனினும் இரவு முழுவதும் நிகழ்ந்ததை நகர அரங்குக்காகச் சுருக்கியபோது, அந்நீண்ட நேரத்தினால் விளைந்த அனுபவம் குறைந்தது என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். வடிவத்தைக் கற்பவன், அது வாழ்ந்த காலத்தையும் களத்தையும் சேர்த்துக் கற்றல் நன்று.

காலம், களம் என்றவுடன் தொல்காப்பியம் நினைவுக்கு வருகின்றது. செய்யுளியலில் ஆசிரியர் முப்பத்துநான்கு உறுப்புகளை எண்ணுகின்றார். அவற்றுட் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம் என்பனவும் உள்ளன. உரைநடையையும் அவர் செய்யுள் வகைகளுள் ஒன்றாகவே கொள்ளுதலின் இவ்வுறுப்புகள் புனைகதைக்கும் பொருந்துவனவே. கேட்போர் புறத்தேயிருந்து நூலை நுகருபவர் மாத்திரமல்லர்; அவர் நூலின் உறுப்புகளுள் ஒருவர். சொல்லாது விடப்படும் எச்சமும் உறுப்பே. அதனை நிரப்புபவர் கேட்போரே. யார், யாருக்கு, எங்கே, எப்போது, என்ன பயன் கருதிச் சொல்லுகின்றார் என்பது தெளிவாகுமுன் அகப்பாட்டொன்றை விளங்கிக்கொள்ள முடியாது. இன்று கதை எழுதும் மாணவர் பாத்திரம், சம்பவம், முடிவு ஆகியவற்றைப் பற்றிச் சிந்திக்கின்றனர்; இதனை யார் யாருக்குச் சொல்லுகின்றார் என்னும் வினாவை எழுப்புவார் சிலரே. என் கதை பெரியம்மாவிடத்திலே தோற்றமைக்குக் காரணம் இதுவே. கலவரம் எதனையும் அறியாத ஒருவனை மனத்திற்கொண்டு, அதனை உடலாலும் உள்ளத்தாலும் அறிந்த ஒருவருக்கு யான் கதை சொன்னேன். அவர் இழப்பை யான் ஒரு திடுக்கீட்டுக்குப் பயன்படுத்தினேன்.

இங்கே சில தடைகள் எழலாம். முடிவறிந்த கதை கீழைத்தேயத்துக்கு மாத்திரம் உரியதா? அன்று. ஓமரின் காவியங்களைக் கேட்ட கிரேக்கர் துரோய் நகரின் கதியை அறிந்தேயிருந்தனர். ஈடிப்பசுவின் குற்றத்தை அறியாத எவரும் சோபொக்கிளீசின் அவையில் இருந்திரார். ஆகவே, மேற்குக்கும் கிழக்குக்கும் இடையே மதிலெழுப்புதல் உண்மைக்கு மாறாகும். கதைகளும் வேலி கடந்து செல்லும் இயல்பின. பஞ்சதந்திரத்தின் கதைக்குட் கதை கூறும் முறை பாரசீகம் வழியாக அரபு மொழிக்கும், அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் சென்றது. அச்சுநூலும் வாரப் பத்திரிகையும் பெருகி, ஒவ்வொரு கதையும் புதிதாயிருத்தல் வேண்டும் என்னும் நிலை தோன்றிய பின்னரே முடிவை மறைத்தல் இத்துணைச் சிறப்புப் பெற்றது எனலாம்.

மற்றொரு தடை இதனினும் வலியது. நம் மரபிலுள்ளவை யாவும் போற்றத்தக்கனவா? புராண மண்டபத்துட் புகவே இடம் பெறாத மக்கள் நம் ஊர்களில் இருந்தனர். 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரத்திலே கோயில் நுழைவுக்கெனப் போராட்டம் நடத்தவேண்டியிருந்தமையை நாம் மறந்துவிடலாகாது. பயன் சொல்லும் உரிமையும் எல்லார்க்கும் இருந்ததன்று. பெண்கள் பெரும்பாலும் கேட்போராகவே இருந்தனர். மண்டபத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டோரின் வாழ்வைக் கே. டானியல் ‘பஞ்சமர்’ (1972) முதலிய நாவல்களில் எழுதினார். எனவே மரபிலிருந்து அமைப்பைக் கற்பவன், அவ்வமைப்பினுள் யார் பேசினார், யார் பேசாதிருந்தார் என்பதையும் கேட்டல் வேண்டும். பயன் சொல்லும் இடத்தில் இதுவரை பேசாதிருந்தவரை அமர்த்துதல் இன்றைய எழுத்தாளனால் இயலுவதாகும்.

மூன்றாவது எச்சரிக்கை இளைஞர்க்கு உரியது. பழங்கதைப் பாத்திரமொன்றின் பெயரை இன்றைய கதாபாத்திரத்துக்கு இட்டுவிடுதல் மரபைக் கற்றலாகாது. அமைப்பு செய்யுந் தொழிலைக் கற்றலே கற்றலாம். இதற்குப் புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ சிறந்த எடுத்துக்காட்டு. அகலிகை கல்லுருவம் நீங்கிய இடத்திலே பழங்கதை முடிந்தது. அவர் கதையோ அவ்விடத்திலே தொடங்குகின்றது. சாபம் நீங்கிய பின் அவள் எவ்வாறு வாழ்ந்தாள் என்பதே அவர் கேட்ட வினா. சீதை தீப்புகுந்த செய்தியைக் கேட்டு அவள் மீண்டும் கல்லாகின்றாள். இரு பழங்கதைகளையும் அறிந்த வாசகரிடத்திலேதான் இது முழுப்பயன் தரும். ஈழத்தில் எம். ஏ. நுஃமான் 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைப் பாடிய ‘புத்தரின் படுகொலை’ என்னுங் கவிதையும் இத்தகையதே. நூலகப் படியிலே கொல்லப்பட்டவர் புத்தரே என அது கூறுகின்றது. எரிந்தது நூலகம் என்பது யாவர்க்குந் தெரியும்; கொல்லப்பட்டவர் யார் என்பதையே கவிதை நமக்கு அறிவிக்கின்றது. பழைய உருவும் இன்றைய நிகழ்ச்சியும் ஒன்றெனப் பொருந்தும் அவ்விடத்திலே ஜாதகத்தின் இறுதிப் பகுதி நினைவுக்கு வருதல் இயல்பே.

ஆயின், இவற்றைக் கற்பது எவ்வாறு? நூல்களை விரும்புவோர்க்கு 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் வெள்ளவத்தையிலேயே உண்டு. புராணங்களையும் கூத்து நூல்களையும் பேராசிரியர்கள் வித்தியானந்தன், கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோரின் ஆய்வுகளையும் மாணவர் தேடிப் படித்தல் வேண்டும். கைலாசபதியின் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில ஆய்வு (1968), நம் பழம்பாடல்கள் வாய்மொழியாகச் சொல்லப்பட்ட முறையை விளக்குவது. கதை சொல்லும் கலையைக் கற்போர்க்கு அது பெரிதும் உதவும். ஆயினும் செவியாற் கற்றலே முதற் கல்வி. மாணவர்க்கு ஒரு பயிற்சியைக் கூறுவேன். உங்கள் வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம், நீங்கள் முன்பே பலமுறை கேட்ட கதையொன்றை மீண்டும் கூறுமாறு கேளுங்கள். அவர் எந்த இடத்திலே தொடங்குகின்றார், எதனைத் திருப்பிக் கூறுகின்றார், எங்கே நிறுத்தி உங்கள் முகத்தைப் பார்க்கின்றார், காரணத்தை எப்போது கூறுகின்றார், எதனைக் கூறாது விடுகின்றார் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அவ்வொழுங்கை மாற்றாமல் அக்கதையை எழுதிப் பாருங்கள். அதன் பின்னும் மேனாட்டு முறையே உங்கள் பொருளுக்கு ஏற்றதெனத் தோன்றுமாயின் அதனையே கைக்கொள்ளுங்கள்; அப்போது நீங்கள் அதனைத் தெரிந்தெடுத்தவராவீர்கள்.

யானும் என் கதையைத் திருத்தி எழுதினேன். வீடு எரிந்துபோயிற்று என்பதையே முதல் வாக்கியமாக வைத்தேன். தீயை ஒரு பத்தியில் முடித்து, குத்துவிளக்கு திரும்பி வந்ததற்கு நான்கு பக்கங்கள் கொடுத்தேன். பாட்டனார் வீட்டை விற்கச் சொன்ன செய்தியை இறுதிக்குச் சற்று முன்னே வைத்தேன். மீண்டும் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது அவர் என்னைப் பலமுறை இடைமறித்தார். விளக்கின் உயரம் பிழையென்றார். அயலவர் அன்று சோறு தரவில்லை, பாணும் சம்பலுமே தந்தார் என்றார். யான் அறியாத வேறொரு செய்தியையும் கூறினார். முன்னைய கதையை மௌனமாகக் கேட்டவர், இதனைத் தம் கதையாகக் கருதித் திருத்தினார். அத்திருத்தங்களையும் சேர்த்துக்கொண்ட பின்னரே கதை நிறைவெய்திற்று.

தொல்காப்பியர் கூறிய எட்டு வனப்புகளுள் தொன்மை என்பதும் விருந்து என்பதும் உள்ளன. தொன்மை பழைய கதையைப் பற்றியது; விருந்து புதிதாக வரும் ஆக்கத்தைப் பற்றியது. இரண்டும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்டுள்ளன. கொழும்பிலே வளரும் நம் மாணவர்க்கு இரண்டும் எட்டும் தூரத்திலேயே உள்ளன. ஆனால், 1983ஐயும் அதற்கு முந்திய ஆண்டுகளையும் கண்ணாற் கண்டு, புராணங் கேட்ட செவியோடு அவற்றைச் சொல்லவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். பிள்ளைகள் பலர் கடல் கடந்து சென்றமையால், வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் அவர்கள் கதையைக் கேட்க ஆளில்லாத வீடுகளும் உள. எழுத விரும்பும் மாணவர் இவ்விடுமுறையில் அவ்வீடுகளுள் ஒன்றுக்கேனும் சென்று, அறிந்த கதையாயினும் மீண்டும் ஒருமுறை அமர்ந்து கேட்டு வருவாராக.